நெற்றிக்காசு

காசு வியர்த்திருந்தது.

சோணைமுத்து முதலில் தன் கைவியர்வை என்றுதான் நினைத்தான். மழை வருவதாகப் போக்குக் காட்டிவிட்டு மலையிலேயே தங்கிவிட்ட சாயங்காலம் அது. மின்விசிறி சுற்றியும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஆல்பத்தை டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். ஈரம் வெளியே இல்லை. நான்கு பக்கமும் பின் அடித்து மூடிய பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகத்துக்கு நேராக, யாரோ உள்ளிருந்து மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்திருந்தது. பக்கத்து உறைகளில் விக்டோரியா ராணியும் எட்வர்டும் ஐந்தாம் ஜார்ஜும் காய்ந்து போய்த்தான் கிடந்தார்கள்.

உறையோடு உள்ளங்கையில் வைத்தான். ஐஸ்கட்டியை வைத்ததுபோல் கை விறைத்தது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சின்ன யூனிட்டில் அவன் சூப்பர்வைசர். ஆனால் அதற்காக யாரும் அவனைத் தேடி வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் காசு பார்க்கிறவன் என்றுதான் ஊரில் பேர். பழைய வீட்டை இடித்தபோது கிடைத்தது, கிணற்றைத் தூர் வாரும்போது கிடைத்தது என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கி, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதைக் கொடுப்பான். நல்ல வெள்ளி நீளமாகப் பாடும். மட்டமான கலப்பு 'டக்'கென்று நின்றுவிடும். அப்புறம் லென்ஸை வைத்து வருஷத்தையும் விளிம்பையும் பார்த்து விலை சொல்வான். புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று கொண்டுவருகிற ஆட்களைக் கண்டால்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாதி வெலையைத் தேய்ச்சுக் கழுவிட்டீங்களேய்யா!" என்று வைவான். கறைதான் காசின் வயசு. கறை போனால் மதிப்பும் போச்சு.

அந்த விதியை மீறாததால்தான் இந்தக் காசின் விளிம்பில் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. சந்தனத்தில் ஒரு வெள்ளை முடியும்.

அது அங்காளம்மாளின் காசு. அங்காளம்மாள் அவன் மனைவி மாரிச்செல்விக்குப் பெரியம்மா. தாயில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்து, கட்டிக் கொடுத்ததும் அவள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருந்தாள். போன சித்திரையில் ஒரு நாள் பஸ் ஏறி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று வெள்ளி ரூபாயை அவன் முன்னால் வைத்தாள்.

"கண்ணு மங்கிப்போச்சு மாப்ள. இதுல அவிய குடுத்த காசு எதுன்னு பாத்துச் சொல்லுங்க. முப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கும். அவிய பொறந்த வருசம்."

'அவிய' என்றால் அவள் புருஷன் பால்ச்சாமி. கல்யாணமான கையோடு பட்டாளத்துக்குப் போனவன், அறுபத்திரண்டு சண்டையில் பனிமலையில் காணாமல் போனான். உடம்பு வரவில்லை. தந்திதான் வந்தது.

சோணைமுத்து லென்ஸை வைத்துப் பார்த்தான். துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்! சேகரிக்கிறவர்கள் ஆயுசு பூராவும் தேடி, கண்ணால் பார்க்காமலே செத்துப்போகிற காசு. மற்ற இரண்டும் நாற்பதாம் வருஷம். பாதி வெள்ளி, தெருவுக்குத் தெரு கிடைப்பது. ஆனால் ராஜா முகம் மேலே தெரிய வைத்தால், பழகாத கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான்.

உண்மையைச் சொன்னான். அது வரைக்கும் அவன் யோக்கியன்தான். அப்புறம் நல்ல விலை தருவதாகக் கேட்டான். அங்காளம்மாள் பொக்கை வாயால் சிரித்தாள்.

"நான் செத்தா என் நெத்தியில வைக்க இந்தக் காசு மாப்ள. எடுக்காம அப்படியே பொதைச்சிரணும். அவிய போம்போது சொன்னாவ, எம்புட்டுக் கூட்டத்துல நின்னாலும் இந்தக் காசை வச்சு உன்னைக் கண்டுபிடிச்சுருவேன்னு. அவிய எளவட்டமாப் போனாவ. நான் இப்படிக் கெழவியாயிட்டேன். மொகத்தைப் பாத்தா தெரியுமா? காசைத்தான் பாப்பாவ."

ஐப்பசியில் அவள் இறந்த செய்தி வந்தபோது மாரிச்செல்வி வாசலிலேயே விழுந்து அழுதாள். சோணைமுத்து பீரோவைத் திறந்தான். அவளைத் தூக்கி உட்காரவைக்கும் முன்னால், ஒரு சொட்டுக் கண்ணீர் வரும் முன்னால், நாற்பதாம் வருஷத்துக் காசு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காது மடல் சுடும்.

நீர்மாலைச் சடங்குக்குத் தண்ணீர் எடுக்க எல்லோரும் கொட்டோடு போயிருந்த நேரம். கூடத்தில் பெண்கள் சுவரோரம் சாய்ந்து அழுது ஓய்ந்திருந்தார்கள். மாலையைச் சரிசெய்கிறவன்போல் குனிந்தான். சந்தனம் இன்னும் காயவில்லை. காசு 'ப்ளக்'கென்ற சின்னச் சத்தத்தோடு தோலை விட்டு வந்தது. கூடவே ஒரு முடியும் வந்தது. அதே ஈரத்தில் மற்றதை அழுத்தினான். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத்துணிக்கு மேலே அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது, எதையோ கேட்கப் போகிறவள்போல.

மாரிச்செல்வி அன்று அவன் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "நீங்கதாங்க அவளுக்கு அந்தக் காசைப் பாத்துச் சொன்னீங்க. நிம்மதியாப் போயிட்டா." அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்றிருந்தது. ஆனாலும் மறு கை சட்டைப்பையை மூடிக்கொண்டுதான் இருந்தது.

ஈரம் போக என்ன செய்வது என்று யோசித்து, காசை உறையிலிருந்து எடுத்து பேண்டேஜ் துணித் துண்டில் முடிந்து அரிசி டிரம்முக்குள் புதைத்தான். நனைந்த போனை அரிசியில் போட்டுக் காயவைக்கிற யோசனைதான். கையை வெளியே எடுக்கும்போது விரல்களில் அரிசி ஒட்டியிருந்தது. அரிசியும் காசும். பிணத்தின் வாயில் போடுகிற வாய்க்கரிசி அவனுக்கு நினைவு வந்தது. கையை உதறிவிட்டு மூடியை இறுக்கினான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வாடை. நனைந்த கம்பளி வாடை. அவர்கள் வீட்டில் கம்பளியே கிடையாது. அடுப்படித் தரை ஜில்லென்றிருக்கிறது, வெறுங்காலோடு நிற்க முடியவில்லை என்று மாரிச்செல்வி சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தது. நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, பிறகு அடுத்த வாசல். அவன் எழுந்துபோய்ப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை.

"யாருங்க அது?" என்றாள் மாரிச்செல்வி.

"வாட்ச்மேனா இருக்கும்."

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்தான். சொன்னால் அவள் கத்த மாட்டாள். ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் கையால் எப்படிச் சோறு வாங்கித் தின்பது? திருப்பி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டு வந்துவிடலாம் என்று முடிவு செய்தான். காலையில் டிரம்முக்குள் கையை விட்டு முடிச்சை எடுத்தான். துணிக்குள் வட்டமாக, கெட்டியாக இருந்தது. பிரித்துப் பார்க்க வெட்கமாக இருந்தது. அப்படியே பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஷிப்ட் முடிந்ததும் நேராக வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டான். செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில் வீடுகள் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் இடுகாடு. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டிருந்தது. வானத்தில் வெளிச்சம் இருந்தது, தரையில் இல்லை. ஈர மண்ணும் அழுகின சாமந்தியும் மணத்தன. மயில் ஒன்று தோப்புக்குள்ளிருந்து அகவி, பாதியில் நிறுத்திக்கொண்டது.

அங்காளம்மாளின் மண்மேட்டைச் சுற்றிக் கால்தடங்கள். பூட்ஸ் தடங்கள். பாரஸ்ட் ஆட்களாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அவை மேட்டைச் சுற்றிச் சுற்றியே வந்திருந்தன. தலைமாட்டில் குழியாகப் பதிந்து கிடந்தன. அங்கே நின்று குனிந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு சாலைக்கு ஏறி, ராஜபாளையத்துப் பக்கம் திரும்பியிருந்தன. ஒவ்வொரு தடத்திலும் தெளிந்த தண்ணீர். விரலை வைத்தான். விறைத்தது.

பால்ச்சாமி வந்து பார்த்திருக்கிறான். இது அவள் இல்லை என்று போயிருக்கிறான்.

மண்டியிட்டு, கையாலேயே மண்ணைப் பறித்தான். "அத்தை, மன்னிச்சிருங்க அத்தை" என்று வாய் முணுமுணுத்தது. முடிச்சை அவிழ்த்தான்.

உள்ளே இப்போதைய ஒற்றை ரூபாய் இருந்தது.

போனை எடுத்தான். மூன்றாவது மணி அடித்ததும் மாரிச்செல்வி எடுத்தாள். தூக்கக் கலக்கமான குரல்.

"மாரி, அரிசி டிரம்ல ஒரு காசு கெடந்துச்சா?"

"நீங்கதான் போட்டீங்களா? நேத்து அரிசி அள்ளும்போது கையில தட்டுச்சுங்க. சாமி ரூம்ல வைக்கலாம்னு எடுத்தேன். அரிசியில இருந்த காசைச் சும்மா எடுக்கக் கூடாதுல்லா, அதான் ஒத்த ரூவாயை முடிஞ்சு மாத்தி வச்சேன்."

மாத்தி வச்சேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

"அழுக்கா இருந்துச்சு. புளி போட்டுத் துலக்கிட்டேன். வையாதீங்க."

அந்த நிமிஷத்திலும் சோணைமுத்துவின் நெஞ்சில் முதலில் குத்தியது விலைதான். போச்சே, மதிப்பே போச்சே என்றுதான் மனம் அலறியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவனை அவனுக்கே அருவருத்தது.

"இப்ப எங்க இருக்கு?"

"சிரிக்கக் கூடாது. மத்தியானத்துலருந்து மண்டைக்குத்து. சந்தனப் பத்துப் போட்டுப் படுத்திருக்கேன். அந்தக் காசு ஃப்ரிஜ்ஜுல வச்ச மாதிரி குளுகுளுன்னு இருக்குங்க. நெத்தியில ஒட்டி வச்சிருக்கேன். வலி கொறையுது."

"எடு. எடு அதை!"

"ஏன்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. உன் பெரியம்மா காசு அது. பிணத்து நெற்றியிலிருந்து நான் திருடியது. இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவள் பதறித் தூக்கி எறிந்திருப்பாள். வெட்கத்தில் சொல்ல வாய் வரவில்லை.

"சும்மா எடுன்னா எடேன்."

"செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும். ஏங்க, வந்துட்டீங்களா? கதவு தெறக்குது."

"மாரி, நான் இங்கன சீவில்லிபுத்தூர்ல நிக்கேன்."

போனில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஈரமாக, நிதானமாக. பக்கத்தில் வந்து நின்றது. பிறகு ஒரு ஆண் குரல். சின்ன வயசுக் குரல்.

"அங்கா."

அடுத்து, நகத்தால் காசைச் சுண்டுகிற சத்தம். நல்ல வெள்ளி. நீளமாகப் பாடியது. அது அடங்கியபோது லைனும் அறுந்தது.

வண்டி எப்படி ஓடியது என்று அவனுக்குத் தெரியாது. லாரிகளின் வெளிச்சம். மில் சங்கு. தெரு. வாசல்.

கதவு திறந்து கிடந்தது.

கூடத்தில் பாய். பாயில் மாரிச்செல்வி. நிமிர்ந்து, கைகளை நெஞ்சில் சேர்த்து வைத்து. கால் கட்டைவிரல்கள் இரண்டும் பேண்டேஜ் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தன. அந்த முடிச்சை அவன் அறிவான். இன்று சாயங்காலம் இடுகாட்டில் அவன் அவிழ்த்த முடிச்சு. சந்தனத்தின் நடுவில் வட்டமாக ஒரு குழி. காசு இல்லை. தொட்டான். கை விறைத்தது.

வாசலிலிருந்து பாய் வரைக்கும் பூட்ஸ் தடங்கள். தண்ணீர்த் தடங்கள். திரும்பிப் போனவை இரண்டு ஜோடி. பூட்ஸுக்குப் பக்கத்தில் சின்னதாக வெறுங்கால். இடது காலில் சுண்டுவிரல் பதியவில்லை. மாரிச்செல்விக்குச் சின்ன வயசிலேயே அந்த விரல் மடங்கிப்போயிருந்தது.

அவன் பாயோரம் மண்டியிட்டான்.

அடுப்படிப் பக்கம் மண் உதிர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

அழுகின சாமந்தி வாடை.

"மாப்ள."

தாடையைக் கட்டிய வாயிலிருந்து வருகிற குரல். பாதி வார்த்தை துணிக்குள்ளேயே நின்றது.

"அவிய இங்கன வந்தாவளா?"

திரும்பவில்லை. திரும்ப முகமில்லை அவனுக்கு. தோளுக்குப் பின்னால் மூச்சில்லாமல் யாரோ நின்றார்கள். நெற்றியிலிருந்து எதையோ பிய்க்கிற சத்தம். 'ப்ளக்.'

மண் அப்பிய கை ஒன்று அவன் தோளுக்கு மேலாக நீண்டது. உள்ளங்கையில் நாற்பதாம் வருஷத்து ரூபாய்.

"கண்ணு தெரியல மாப்ள. இது அந்தக் காசுதானான்னு பாத்துச் சொல்லுங்க."