பலகையைத் தொடாதே, அக்கா!

சுண்டெலிக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அக்காதான். சீஸ் டப்பாவைத் திறந்தால் போதும், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் தங்கை எலி மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

அக்கா இப்போது வீட்டில் இல்லை. வேறு ஊரில், ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறாள். நீளமான மரப்பலகையில் சீஸ், பதப்படுத்தி மெல்லிசாகச் சீவிய இறைச்சி, பழம், பாதாம், பிஸ்கட் எல்லாவற்றையும் கண்ணைப் பறிக்கிற மாதிரி அடுக்குவதுதான் அவள் வேலை. விருந்தாளிகள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிக்கொண்டே எடுத்துச் சாப்பிடுவார்கள்.

லீவில் வந்தாலும் அதே கதைதான். அவளைப் பார்க்க யாராவது வருவார்கள். "உன் கையால ஒரு பலகை அடுக்கேன்" என்பார்கள். அக்காவும் சமையலறைக்குள் போய்விடுவாள். வந்தவர்கள் ஆஹா ஓஹோ என்பார்கள். சுண்டெலிக்குக் கிடைப்பது அக்காவின் முதுகு மட்டும்தான். மறுநாள் அக்கா பஸ் ஏறிவிடுவாள்.

ராத்திரி பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சுண்டெலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இந்தக் கோடை லீவிலும் அக்கா ஒரே ஒரு நாள்தான் வருகிறாள். சாயங்காலம் மொட்டைமாடிக்குத் தையல்கார மாமாவையும் அத்தையையும் அம்மா கூப்பிட்டிருந்தாள்.

'பலகையை நாமே அடுக்கிவிட்டால் அக்காவுக்கு வேலையே இருக்காது. நம்மோடு உட்காருவாள்' என்று சுண்டெலி கணக்குப் போட்டாள். காலையிலேயே சீஸை வெட்டினாள். ஆப்பிளை நறுக்கினாள். பிஸ்கட்டை விசிறி போல விரித்து வைத்தாள்.

"இப்பவே எதுக்குடி? சாயங்காலம் பாத்துக்கலாமே" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா!"

நல்லவேளை, இறைச்சியை மட்டும் அம்மா ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுக்க விடவில்லை.

வெயில் யார் பேச்சைக் கேட்கும்? சாயங்காலம் அக்கா வந்து சேர்ந்தபோது சீஸ் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. ஆப்பிள் கறுத்துவிட்டது. பிஸ்கட்டெல்லாம் நமத்துப் போயிருந்தது.

அக்கா முகம் கழுவிவிட்டு வந்தாள். பலகையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"தள்ளு சுண்டெலி. ரெண்டே நிமிஷம், சரி பண்ணிடறேன்."

அந்த ரெண்டு நிமிஷம் எப்படிப்பட்டது என்று சுண்டெலிக்குத் தெரியாதா? பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவள் சட்டையெல்லாம் சீஸ்.

"தொடாதேக்கா!"

"ஏண்டி?"

"நீ தொட்டா அது வேலையாயிடும். எனக்குப் பலகை வேணாம். நீதான் வேணும்."

மடித்த சட்டைக் கையை அக்கா மெதுவாக இறக்கிவிட்டாள். அதற்குள் மாமாவும் அத்தையும் படியேறி வரும் சத்தம் கேட்டது. சுண்டெலி அவசரமாக யோசித்தாள். பலகையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் துடைத்தாள். மிச்சமிருந்த சீஸ் கட்டி, முழு ஆப்பிள், பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், இறைச்சி, கத்தி எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

"இன்னிக்கு அவங்கவங்களே வெட்டிக்கணும், அவங்கவங்களே அடுக்கிக்கணும்" என்று அறிவித்தாள். "அக்காவும் இன்னிக்கு விருந்தாளி."

"பேஷ்!" என்ற மாமா கத்தியை எடுத்து, ஒரு கண்ணை மூடி சீஸை அளவு பார்த்தார். வெட்டியது என்னவோ கோணல்மாணலாகத்தான் வந்தது.

"துணியை இப்படி வெட்டினா ஊரே உங்களை வெட்டும்" என்றாள் அத்தை.

அக்காவுக்குக் கை துறுதுறுத்தது. "மாமா, கத்தியை இப்படிக் குடுங்க" என்று எழப்போனாள். சுண்டெலி தொப்பென்று அவள் மடியில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, என்ன கனம்டி நீ!"

"அதுக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை பிஸ்கட்டின் மேல் ஒரு சீஸ் துண்டை வைத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"எத்தனை பலகை அடுக்கியிருக்கேன் அத்தே. ஒண்ணு முன்னாடிகூட உக்காந்து சாப்பிட்டதே இல்ல" என்றாள். சுண்டெலியைச் சுற்றியிருந்த அவள் கை கொஞ்சம் இறுகியது.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. பலகையில் துணுக்குகள்தான் மிஞ்சின. வெளிச்சம் மங்கி, காற்று வீச ஆரம்பித்தது.

"காலு மரத்துப் போச்சுடி" என்றாள் அக்கா.

சுண்டெலிக்கு மனசே இல்லை. "எழுந்துக்கட்டுமா?" என்றாள் சின்னக் குரலில்.

"வேணாம்" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இரு."