இளஞ்சூட்டில் வந்த பெட்டி

“அப்பாவுக்கு யாரும்மா ஊட்டிவிடறது?”

வாரம் ஒருமுறை எடை பார்க்க வரும் நர்ஸக்கா அன்று அவளைக் கேட்டது இதைத்தான். பதிலுக்குக் காத்திருக்காமல் நோட்டில் எதையோ எழுதினார். “இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா மூக்கு வழியா டியூப் போட்டுருவாங்க. பாத்துக்கோ.”

கட்டிலில் கிடந்த அப்பாவுக்கும் அது கேட்டது. வாதம் வந்ததில் பேச்சு போயிருந்தது, பற்கள் அதற்கு முன்பே போயிருந்தன, ஆனால் காது மட்டும் பாம்புச் செவி. நன்றாக இருந்த கையால் மகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மா கடைசி இரண்டு மாதம் மூக்கில் குழாயோடு கிடந்துதான் செத்துப்போனாள். அதை இருவரும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள்.

“போட விடமாட்டேன்பா,” என்றாள். சொல்வது சுலபமாக இருந்தது. மசித்தது, கரைத்தது, வடிகட்டியது என்று எதைக் கொண்டுபோனாலும் அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அவளுக்கு வேலை வீட்டிலேயேதான். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களைக் கேட்டு, காலையிலிருந்து மாலைவரை போனில் மன்னிப்புக் கேட்கிற வேலை.

“அடுப்பு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், காதுல அந்த ஹெட்போன் கொம்பு ஒரு பக்கம். உனக்கென்ன பத்துக் கையா இருக்கு?” என்றாள் அவளுடன் பிறந்த அக்கா. “ஒரு ஆப் அனுப்புறேன், போட்டுக்கோ. விரலால தட்டுனா வாசலுக்குச் சாப்பாடு வரும்.”

“எனக்கு அதெல்லாம் வராதுக்கா.”

“ஊருக்கெல்லாம் மன்னிப்பு கேக்கத் தெரியுது, இது வராதாக்கும்? போடி இவளே.”

அந்த ஆப் அவளை ஒரு மணி நேரம் பாடாய்ப் படுத்தியது. முகவரியை மூன்று தடவை கேட்டது. சூப்பைத் தொட்டால் ஐஸ்கிரீமைக் காட்டியது. கடைசியில் ஒரு கேள்வி: உணவு எப்படி இருக்க வேண்டும்? சாதாரணம், மென்மை, மிகவும் மென்மை. கீழே, யாருக்காக என்று எழுத ஒரு கட்டம். ‘அப்பாவுக்கு. பல் இல்லை’ என்று எழுதி, மூன்றாவதைத் தொட்டாள்.

ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. கறுப்பு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டபடி ஓர் ஆள் நின்றான். பெட்டியை நீட்டிவிட்டுப் போனான்.

பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பின் சூடு இல்லை அது. தூங்கி எழுந்தவன் விட்டுப்போன தலையணையில் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமே, அந்தச் சூடு. உள்ளே கோழியும் கேரட்டும் ரொட்டியும் ஒன்றாகக் குழைந்து, நார் நாராய்ப் பிரிந்து, எதிலோ ஊறிப் பளபளத்தன. கரண்டியைத் தூக்கினால் ஈரம் நூலாய் நீண்டு வந்தது. அப்பா மோப்பம் பிடித்தவர்போலத் தலையைத் திருப்பினார். வாயைத் திறந்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக, ஒரு துளி மிச்சமில்லாமல் தின்றார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடேயே ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். அவள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான். நாலு வாங்கினவன் மறுநாள் படும் பாடு அவர்களுக்குத் தெரியும், அதனால் யாருக்கும் எதற்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துதான். அடியில் ஏதோ ஒரு வரி வந்தது. படிக்காமல் ‘சரி’யைத் தொட்டாள்.

பெட்டியைக் கழுவும்போது விரலில் ஏதோ நெருடியது. எலும்பாக இருக்கும் என்று விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

பல். ஒரு மனிதனின் முன்பல், வேரோடு. வேரில் சிவப்பாய் ஓர் இழை.

கழுவுதொட்டியிலேயே வாந்தியெடுத்தாள். துலக்காத வாயின் புளித்த நெடி பெட்டியிலிருந்து வந்தது, கரண்டியிலிருந்து வந்தது, அப்பாவின் மோவாயிலிருந்தும் வந்தது. இவ்வளவு நேரம் தன் மூக்கு எங்கே போயிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவள் அந்த ஆப்பைத் தொடவேயில்லை. ஏழு மணிக்கு மணி அடித்தது. அப்போதுதான் அந்த வரியைத் தேடிப் படித்தாள்: ‘ஐந்து நட்சத்திரம் பெற்ற உணவு இனி தினமும் வரும்.’

இரண்டு நாள் பெட்டியைத் திறக்காமல் குப்பையில் போட்டாள். இரண்டு நாளும் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நர்ஸக்கா வந்து எடை பார்த்தார். ஒரு கிலோ குறைந்திருந்தது.

அன்று மாலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கி, கரண்டி கரண்டியாக அவளே ஊட்டினாள்.

அடுத்த வாரம் அப்பாவின் கன்னம் உப்பிவிட்டது. அவளுக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. ஒரு துண்டு ரொட்டியைக் கடித்தாலும் தன் வாய்க்குள் எழும் அந்தச் சதசதச் சத்தம் காதில் விழும், உடனே துப்பிவிடுவாள். நாலு நாளாக வெறும் தண்ணீர். அப்பாவோ ஆறரைக்கே வாசலைப் பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். மகள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

ஐந்தாம் நாள் அவளால் முடியவில்லை. ‘ரத்து’ பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. உதவிப் பக்கத்தில் எழுதினாள்: சாப்பாட்டில் பல் இருந்தது.

‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி.’

ஒரு நாளைக்கு அறுபது தடவை அவளே சொல்லும் வாக்கியம். இது மெஷின். மெஷினை விலக்கி மனிதனை வரவழைப்பது எப்படி என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். எழுதினாள்: ஆள் வேண்டும். ஆள் வேண்டும். ஆள் வேண்டும்.

திரையில் மூன்று புள்ளிகள் மேலும் கீழும் அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. அசைபோடுகிற தாடை மாதிரி.

‘பல் விழுந்ததற்கு மன்னியுங்கள். அப்பா மிச்சம் வைக்கவில்லை, இல்லையா?’

யார் நீ, என்று எழுதினாள்.

‘பெட்டியில் வைத்தால் ஆறிவிடுகிறது. இன்றிலிருந்து நேராக.’

ஆப்பை அழித்தாள். போனை அணைத்தாள். கதவின் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

ஏழு மணி.

மணி அடிக்கவில்லை. படியில் காலடிச் சத்தம். கதவுக்கு வெளியே நின்றது. பிறகு அந்தச் சத்தம். சத, சத, சத. நிதானமாக. பொறுமையாக.

கதவிடுக்கு வழியே நெடி வந்தது.

அப்பா முனகினார். நன்றாக இருந்த கை மெல்ல மேலே எழுந்தது. ஒரு விரலைத் தன் மூக்குத் துவாரத்தில் வைத்துக் காட்டினார். கண்ணில் நீர் வழிந்தது. நீதானே சொன்னாய், என்று பார்த்தார்.

மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். அவளே திறந்தாள்.

அவன் கையில் பெட்டி இல்லை. அவளைத் தாண்டிப் போய்க் கட்டிலருகே முழங்காலிட்டான். ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தினான். உப்பிய கன்னங்கள். அசையும் தாடை. உதடு பிரிந்த இடத்தில், முன்பல் இல்லாத இடைவெளி. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நுரைத்தது.

அப்பா குஞ்சுபோல அண்ணாந்தார்.

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரையே பார்த்தாள். காதைப் பொத்தவில்லை. வழிந்து இறங்குவது கேட்டது. விழுங்குவது கேட்டது. மூச்சு வாங்குவது. மறுபடி விழுங்குவது.

சத்தம் நின்றது. திரும்பினாள்.

அப்பா தூங்கிப்போயிருந்தார், குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி. அவருடைய மோவாயைக் கட்டைவிரலால் பதமாகத் துடைத்துவிட்டு அவன் எழுந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். கண்ணை அல்ல, கொஞ்சம் கீழே. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் வாய் திறந்திருந்தது. எச்சில் ஊறிக் கழுத்துவரை வழிந்திருந்தது.

அவன் கண்ணாடியை இறக்கினான். அதற்குள்ளே தாடை மறுபடி அசையத் தொடங்கியிருந்தது. படியிறங்கிப் போனான்.