எழுநூறு வயது வேலி

ட்ரிங்... ட்ரிங்...!

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டுஷயர் மாவட்ட அலுவலகம். பழைய உயிர்வேலிகளுக்கு வயது பார்க்கும் அதிகாரி எம்ரிஸ் ப்யூ ரிசீவரை எடுத்தார்.

“சார்... நாளைக்குக் காலையில ஒரு கொலை நடக்கப் போகுது.”

பெண் குரல். பதற்றமே இல்லை. இன்றைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வது போன்ற குரல்.

“யாரை?!”

“என் வேலியை.”

ப்யூ மூச்சு விட்டார்.

“ஹெஸ்டர் க்வில்லியம் பேசறேன். நிலம் என் கொழுந்தன் ராய்ஸ்டன் பேர்ல. பொக்லைன் கொண்டு வந்து வேலியைத் தோண்டறேங்கிறான். தோண்டக் கூடாது சார்.”

“முப்பது வயசு தாண்டின பழைய வேலின்னா தடுக்கலாம்மா. காலையில எட்டு மணிக்கு வர்றேன்.”

எட்டு மணி.

பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. அதன் மேல் ராய்ஸ்டன், கையில் பன்றிக்கறி சாண்ட்விச். அறுபத்தெட்டு வயது ஹெஸ்டர், வேலிக்கு முன்னால் கல் மாதிரி நின்றாள்.

“அண்ணி! அண்ணன் எவளோடயோ ஸ்பெயினுக்கு ஓடி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அதுக்காக வேலியையா கட்டிக்குவே?”



ப்யூ முப்பது கஜம் அளந்தார். வேலியில் எத்தனை வகை மரம் என்று குனிந்து குனிந்து எண்ணினார். ஹேசல், மேப்பிள், ஹாலி, ஓக்...

“ஏழு வகை! ராய்ஸ்டன், இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?”

“என்ன?”

“பறவைங்க எங்கேயோ பழம் தின்னு இங்க எச்சம் போடுதுங்க. சுமாரா நூறு வருஷத்துக்கு ஒரு புது மரம் வேலிக்குள்ள குடியேறும். அப்ப ஏழு வகை இருந்தா?”

“பறவைக்கு வயித்தால போகுதுன்னு அர்த்தம்!”

“எழுநூறு வருஷம்யா! ராஜாக்கள் வில்லைத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போன காலம்!”

ப்யூ தடையுத்தரவில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஹெஸ்டர் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“டீ போடட்டுமா சார்?”

“இருங்கம்மா... மொத்த வேலியையும் பார்த்துட்டு வர்றேன்.”

நடந்தார். நின்றார்.

“இந்த ரெண்டு கஜம் மட்டும் ஏன் வெறும் முள்மரம்? வேற ஒரு வகை கூட இல்லையே!”

“மாடு இடிச்சிருச்சு. நான்தான் மறுபடி நட்டேன்.”

“எப்போ?”

“ஞாபகம் இல்ல.”

“மரத்துக்கு இருக்கும்மா!”

உற்சாகமாகத் துளைக்கருவியை முறுக்கினார். பென்சில் மாதிரி ஒரு மெல்லிய மரத்துண்டு வெளியே வந்தது. வருடத்துக்கு ஒரு வளையம். லென்ஸ் வைத்து எண்ணினார்.

இருபத்திரண்டு.

இன்னொரு மரம். அதுவும் இருபத்திரண்டு!

ப்யூவின் உற்சாகம் வடிந்தது. ரெண்டு கஜம்... ஆறடி...

“ராய்ஸ்டன், உங்க அண்ணன் என்ன உயரம்?”

“ஆறடிக்கு ஒரு அங்குலம் கம்மி... ஏன்...?”

சாண்ட்விச் கீழே விழுந்தது.

“அண்ணி...!”

“வயலை வருஷா வருஷம் உழுவாங்க. வேலியடியை யாரும் தொட மாட்டாங்க. அதான் அங்க.” அதே பால் வேண்டாம் குரல். “தினம் அடிப்பாரு சார். வலிக்கும். ஒரு நாள் அடிச்சாரு... வலிக்கவே இல்ல. அன்னிக்குத்தான் பயந்து போனேன்.”

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து விரித்தாள்.

“ஆனா தோண்டக் கூடாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

ப்யூ தொப்பியைக் கழற்றினார்.

“அது முப்பது வயசு தாண்டின வேலிக்கும்மா.” மரத்துண்டைக் கைக்குட்டையில் சுற்றினார். “நீங்க இன்னும் எட்டு வருஷம் கழிச்சு போன் பண்ணியிருக்கணும்!”