உப்புநீர் எலிகள்

கூண்டுக்குள் கையை விட்டதும் எலி ஓடிவந்து மோந்தது. ஹாதியாவுக்கு அது பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அதற்குத் தீனி போடும் கை இது. ஒருநாளும் அது இந்தக் கையைச் சட்டை செய்ததில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் சுக்கும் மிளகும் அடுக்கியிருந்த கிடங்குதான் இப்போது ஆய்வுக்கூடம். எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும் என்பதால் பகல் முழுக்க அறையை மூடி, ஒரே ஒரு சிவப்பு பல்பை மட்டும் எரியவிடுவார்கள்; ஓட்டின்மேல் கொட்டும் மழையும், சுவரை விட்டுப் போகாத சுக்கு வாசனையும், கூண்டுகளில் மரத்தூளைக் கிளறும் சத்தமும் சேர்ந்து, வெளியே பகல் என்று ஒன்று இருப்பதையே மறக்கடித்துவிடும்.

வேலை என்னவோ எளிதுதான். பெட்டிக்குள் ஒரே மாதிரி இரண்டு பொம்மைகள். மறுநாள் அதில் ஒன்றை மாற்றிவிட வேண்டும். நினைவுள்ள எலி பழையதை விட்டுவிட்டுப் புதியதையே சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும். பாதி எலிகளுக்கு மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தைத் தடுக்கும் மருந்து ஊசி. அவற்றுக்குப் பழசு புதுசு தெரியாது. மீதிக்கு வெறும் உப்புநீர்; அது நினைவைத் தொடாது.

கூட வேலை பார்த்தவள் நின்றுவிட்டதால் இரண்டு ஆள் வேலையும் ஹாதியாவின் தலையில். காலையில் கிளம்பும்போதும் மகள் தூங்குவாள், திரும்பும்போதும் தூங்குவாள். பிள்ளை தன் முகத்தை மறந்துவிடுவாளோ என்பது ஒன்றுதான் அவளுடைய பயம். மற்றதற்கெல்லாம் பயப்படவும் தெம்பில்லை.

ஆய்வாளர் சுதீர் எட்டிப் பார்த்தார், எலி அவள் கையை மோந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். எலி மனிதரை வாசனையால்தான் அறியும். அதனால் அங்கே யாரும் சோப்பை மாற்றக் கூடாது.

“சோப்பு மாத்தினீங்களா ஹாதியா? எண்ணெய்?”

“இல்ல சார். எல்லாம் பழசுதான்.”

அப்படியென்றால் மருந்துதான் வேலை செய்கிறது, எலி மறந்துவிட்டது என்று அவர் கொட்டாவியோடு சொல்லிவிட்டுப் போனார். ஹாதியா கூண்டின் சீட்டைப் பார்த்தாள். உப்புநீர்.

அடுத்த கூண்டு. அதுவும் உப்புநீர். அந்த எலியும் பின்னங்காலில் எழுந்து அவளை மோந்தது. அதற்கடுத்ததும். எதையும் மறக்காத எலிகள் வரிசையாகக் கம்பியில் மூக்கை அழுத்தி நின்றன. மருந்து போட்டவை மட்டும் அவள் உள்ளங்கையில் ஏறி நிம்மதியாகக் கண்ணை மூடின. தூக்கம் கெட்டால் இப்படியெல்லாம் தோன்றும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து சுதீர் அவளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார். மழையில் கால்கள்தான் வழி கண்டுபிடித்து நடந்தன.

ஆட்டோ ஓட்டும் கணவன் அனீஸ் மழைக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தான். வித்தியாசமாக எதுவும் அவன் கண்ணில் படவில்லை. சாயா போடட்டுமா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தான்.

பாயில் மகள். விழித்திருந்தாள். அதுவே ஹாதியாவுக்கு அழுகையை வரவழைத்தது. உட்கார்ந்து கைகளை நீட்டினாள்.

பிள்ளை தவழ்ந்து வந்தது. பாதியில் நின்றது. பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அழவில்லை. சிரிக்கவில்லை. அவள் விரலைத் தொட்டது. கையை இழுத்துக்கொண்டது.

“உம்மாடா,” என்றாள் ஹாதியா. “உன்னப் பெத்த உம்மாடா.”

வாசலில் செருப்பு உதறும் சத்தம். கதவில் இரண்டு தட்டு. ஒரு பெண்ணின் குரல். களைத்த குரல். ஹாதியாவின் குரல்.

“கதவத் தொறங்க. சார் இன்னைக்கி நேரத்தோட விட்டுட்டாரு.”

அனீஸ் தாழ்ப்பாளில் கை வைத்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அவளால் எழ முடியவில்லை. பிள்ளையை எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது மட்டும் போதும்.

மகள் சிரித்துக்கொண்டே கதவை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தாள்.