மூடியில்லாத மலை

சுரங்கத்திலிருந்து பதினோரு விநாடியில் வெளியே வரவேண்டிய ரயில் பதினான்கு விநாடி எடுத்துக்கொண்டது.

இட்வல் கைக்கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். தன்னைச் சந்தேகிக்கும் பழக்கம் அறுபது வயதுவரை அவருக்கு வாய்க்கவில்லை.

வேல்ஸ் மலையடிவாரத்தில், தன் வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோஸ் பாத்தி இருந்த இடத்தில், பழைய சிலேட்டுக் குவாரி ரயிலின் குறுகிய பாதையைச் சின்ன அளவில் மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்; அதற்குமுன் ஒரு வருஷம் வெறும் வரைபடம். இடுப்புயர மலை, அதன் வயிற்றில் ஒரு கெஜ நீளச் சுரங்கம். தோட்டத்தில் ரயில் விடுகிற எவரும் சுரங்கத்தின் கூரையைக் கழற்றும்படிதான் வைப்பார்கள். ரயில் உள்ளே கவிழ்ந்தால் எடுக்க வேண்டுமே. இட்வலுக்கு அது பொம்மை வேலை. “நிஜ மலைக்கு மூடி கிடையாது” என்று தோட்ட ரயில் சங்கக் கூட்டத்தில் முழங்கிவிட்டு, சிமென்ட் குழைத்துப் பூசிவிட்டார். சுரங்க வாசலுக்கு, இடிந்து மூடிப்போன அசல் குவாரிச் சுரங்கத்திலிருந்தே இரண்டு கற்களைப் பெயர்த்து வந்திருந்தார். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சங்கத்தார் வருகிறார்கள். இந்த வருஷக் கோப்பை அவருக்குத்தான் என்பதில் அவருக்குக் கருத்து வேற்றுமை இல்லை.

வியாழக்கிழமை என்ஜினில் எரிவாயு நிரப்பி, தண்ணீர் கொதித்து, எண்ணெயும் ஆவியும் கலந்த வாசனை ஈரப் புல்மேல் படர, ரயிலை உள்ளே அனுப்பினார். இருபது விநாடி. இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. கொதிகலனைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. இருபத்தைந்து நிமிஷம் எரிய வேண்டிய வாயு ஒரு சொட்டு மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி நெஸ்டா, விளையாட்டாகக் கடைசிப் பெட்டியில் ஒரு மஞ்சள் பூவை வைத்தாள். மறுபக்கம் வந்தபோது பெட்டியில் பழுப்பாகக் கொஞ்சம் தூள் கிடந்தது.

“என் பூவ என்ன பண்ணின?”

“காத்துல விழுந்திருக்கும்.”

அன்றிரவு அவர் சுத்தியலை எடுத்தார். சங்கத் தலைவரின் முகத்தை நினைத்தார். சுத்தியலை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை. மணி இரண்டு ஐம்பது. தூறல். கடைசி ஒத்திகையில் ரயில் உள்ளே போனது, வரவில்லை. வாசலில் காதை வைத்தார். தூரத்தில், ஒரு கெஜத்துக்கு மிக அப்பால், சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விழும் ஓசை. பழைய மண்ணின் நாற்றம்.

“என்ன, மலைய கும்பிடுறியா?” என்றாள் நெஸ்டா.

“ரயில் நின்னுபோச்சு. நீ எடேன். என் கை பருமன், நுழையாது.”

“உனக்கு நாக்குதான் பருமன்னு நெனச்சேன்.”

உண்மையில் அவர் கையும் அவள் கையும் ஒரே பருமன். அவருக்கு அது தெரியும். வாயைத் திறந்தார். சொல்ல ஒரு வார்த்தை போதும். அதற்குள் அவள் ஈரப் புல்லில் மண்டியிட்டு, கன்னத்தைப் பாசியில் பதித்து, வலது கையைத் தோள்வரை விட்டுவிட்டாள்.

“உள்ள ஜில்லுனு இருக்கு.”

“எடுத்துடு.”

“இரு. சக்கரம் தட்டுப்படுது.”

“கைய எடு, நெஸ்டா.”

“நீதானே எடுக்கச் சொன்ன? அவங்க வந்தா ரயில் எங்கன்னு கேப்பாங்க.” தோளை இன்னும் உள்ளே அழுத்தினாள். “கை மரத்துப்போச்சு, இட்வல். இருக்கிற மாதிரியே தெரியல.”

தெருவில் கார் கதவுகள் சாத்தப்படும் சத்தம். சிரிப்பு. இட்வல் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். பலமே தேவைப்படவில்லை. தோள் வந்தது. முழங்கை வந்தது. அதற்குக் கீழே சட்டைத் துணி நூல்நூலாக உதிர்ந்திருந்தது. உள்ளே தண்டவாளத்தில் ஏதோ உரசியது. கீறியது.

அவள் முகம் வெளிக்கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. விருந்தாளிகளுக்கான புன்னகை தயாராக.

“வந்துட்டாங்க பாரு. என்ஜின் கிடைச்சுதா?”

மணிக்கட்டு வந்தது. சுள்ளி. தோல் ஒட்டிய எலும்பு. அதில் தளர்ந்து ஆடும் கல்யாண மோதிரம். பிறகு நகங்கள். மஞ்சளாக. சுருள்சுருளாக. ஒரு சாண். ஒரு முழம்.

இட்வல் இழுத்துக்கொண்டே இருந்தார். நகங்கள் வந்துகொண்டே இருந்தன.