தேய்க்காதே, கந்தா!

செல்போன் அலறியது.

குவாரி முதலாளி மாதேஷ் இட்லியை வாயில் வைத்தபடி எடுத்தார்.

"இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா பேசறேன். வேப்பனப்பள்ளியில உங்க குவாரிக் குட்டைக்குள்ள நாளைக்கு ஆள் இறக்கறோம்."

இட்லி தொண்டையில் நின்றது!

"எ... எதுக்கு மேடம்?"

"உங்க பார்ட்னர் அப்பாஸ் காணாமப் போயி மாசம் ஒண்ணாச்சு. குட்டையில பாருங்கன்னு அவர் சம்சாரம் நபீலா தெனமும் அழறாங்க. பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னா ஃபைலை மூடிடலாம்."

"அவன் பெங்களூர்ல எவளோடயோ குடித்தனம் நடத்தறான் மேடம்! சரி, முங்கறவனுக்கு என் செலவுல டைவிங் மாஸ்க் வாங்கித் தரேன்."

பார்ட்னர் மேல் என்ன பாசம்! கண்ணீரே வருகிறது, போங்கள்!

மாலையில் கந்தன் வீட்டு வாசலில் மாதேஷின் கார் நின்றது. கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுக்கிற ஆள், கந்தன். நாளைக்குக் குட்டையில் இறங்கப் போவதும் அவன்தான்.

"புத்தம் புதுசுப்பா. அப்படியே மாட்டிட்டு இறங்கு. கண்ணாடியை மட்டும் தேய்ச்சிடாத... கோட்டிங் போயிடும்!"

"சரிங்க சார்."

காரில் ஏறியதும் மாதேஷ் சிரித்தார்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் ஃபேக்டரியிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தேய்த்து எடுக்காமல் முங்கினால் உள்ளே பனி மூடும். இதெல்லாம் செல்போன் வீடியோ தந்த ஞானம்.

பனி மூடும். கந்தன் குருடனாக மேலே வருவான். ஃபைல் மூடும்!

'மாதேஷ், நீ மூளைக்காரன்டா!' தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். வேறு யாரும் மெச்சுவதில்லை, பாவம்.

மறுநாள் காலை. குவாரிக் குட்டை.

"அழாதம்மா. பெங்களூர்ல சௌக்கியமா இருப்பான்." மாதேஷ் நபீலாவைத் தேற்றினார்.

"என் வூட்டுக்காரரு ஓடிப்போற ஆளில்லண்ணா!" நபீலா வெடித்தாள். "ஊரே அப்படிப் பேசுது. என் புள்ளைங்க எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும்?"

கந்தன் மாஸ்க்கை மாட்டினான். இடுப்பில் கயிறு. குதித்தான்!

அவன் மனைவி முனிலட்சுமி தயங்கித் தயங்கி மாதேஷிடம் வந்தாள்.

"சார்... ஒரு தப்பு நடந்து போச்சு."

"என்னம்மா?"

"புதுப் பொருளாச்சேன்னு கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம் வெச்சேன். உள்பக்கமும் வெச்சிட்டேன்."

பனியோடு குங்குமமும்! மாதேஷுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"அதனால என்னம்மா? நல்லதுதான்!"

"அவரு ஒண்ணுமே தெரியலன்னு கத்தினாரு சார். அதான்... பல்லு வெளக்கற பேஸ்ட்டைப் போட்டுத் தேய்ச்சிட்டேன்."

"தேய்ச்சியா?!"

"சீரியல் முடியற வரைக்கும் தேய்ச்சேன். நீங்க சொன்ன கோட்டிங் சுத்தமாப் போயிருக்கும். திட்டாதீங்க சார்! ஆனா கண்ணாடி இப்ப பளிச்சுன்னு இருக்குது!"

மாதேஷின் முகம் அந்தப் பேஸ்ட்டை விட வெளுத்தது.

தண்ணீர் பிளந்தது!

"மேடம்!" கந்தன் மூச்சிரைத்தான். "அடியில அப்பாஸ் பாய்! கல்லோட சேத்து... சங்கிலி போட்டுப் பூட்டியிருக்குது! பூட்டு மேல... நம்ம குவாரி பேரு!"

"ஓடிப்போகலைன்னு சொன்னேனே...!" நபீலா மடங்கி விழுந்தாள். முனிலட்சுமி ஓடிப்போய் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு, தானும் அழுதாள்.

மாதேஷ் மெல்லக் காரை நோக்கி நகர்ந்தார். காலரில் ஒரு கை விழுந்தது.

"எங்க சார்? பெங்களூருக்கா?" சத்யப்ரியா கேட்டாள். "பார்ட்னர் இங்கதானே இருக்காரு!"

"குவாரியை விக்க மாட்டேன்னு அடம் பிடிச்சான் மேடம்... கோவத்துல..."

"கோவத்துல பூட்டும் போட்டீங்களா?"

கைவிலங்கு க்ளிக்கியது.

முனிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தேய்க்காத, கோட்டிங் போயிடும்னு சார் சொல்லிக் குடுத்த இந்தக் கண்ணாடியை என்ன பண்றது மேடம்?"

"கோர்ட்டுக்கு வரணும். பத்திரமா வெச்சுக்கறோம்." சத்யப்ரியா மாதேஷைப் பார்த்தாள். "உள்ள உங்களுக்கும் பேஸ்ட் தருவாங்க சார். தாராளமாத் தேய்ங்க... கோட்டிங் போனா நாங்க பாத்துக்கறோம்!"