பொரியும் பொறியும்

கிளைவின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு டைனோசர் வளர்ந்துகொண்டிருந்தது.

சைப்ரஸ் செடியைக் கத்தரித்துக் கத்தரித்து அவரே உருவாக்கியது. பெயர் நார்மன். தலை கூரையைத் தொடும், வால் சமையலறைச் சுவர் வரை நீளும். கரம்பீன் ஊர்த் தோட்டப் போட்டியில் மூன்று முறை முதல் பரிசு வாங்கியிருக்கிறது.

கிளைவ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் அவர் ஏணியில் நின்று நார்மனின் தலையைக் கத்தரிப்பார். பக்கத்து வீட்டு மார்னி, கீழே உட்கார்ந்து அதன் கால் நகங்களைக் கத்தரிப்பாள். அவளுக்குப் பத்து வயது.

நவம்பர் பிறந்தது; அந்த நாட்டில் அது கோடையின், காட்டுத்தீயின் தொடக்கம். மலைச்சரிவில் புல் காய ஆரம்பித்தது. மார்னியின் அம்மா நெரிடா, ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருப்பவள். குழுவின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தோட்டங்களைப் பார்த்தாள். கிளைவின் வீட்டுக்கும் போனாள்.

"கிளைவ், இந்தச் செடி எண்ணெய்த் திரி மாதிரி. சுவரோட ஒட்டி நிக்குது. வெட்டிடுங்க."

"யாரு, நார்மனையா? அந்த மஞ்சச் சட்டையக் கழட்டி வெச்சுட்டு வா, டீ தர்றேன். அதோட வந்தா கதவத் திறக்க மாட்டேன்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அன்று முதல் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

மார்னிக்கு யார் பக்கம் சேருவதென்று தெரியவில்லை. அம்மா சொல்வது சரி. நார்மனோ அவளுக்கும் நண்பன்.

ஒருநாள் அனலான வடகாற்று அடித்தது. வேலிக்கு அப்பால் யூகலிப்டஸ் சருகுகள் பறப்பதை அவள் வேடிக்கை பார்த்தாள். பறந்த சருகுகள் எல்லாம் கிளைவ் வீட்டில் அதே நான்கைந்து இடங்களில் போய்த்தான் ஒதுங்கின. தீயில் பறக்கும் கங்குகளும் காற்றில்தானே வரும்?

அவள் சமையலறைக்கு ஓடி, ஒரு வாளி நிறையச் சோளம் பொரித்தாள்.

"கிளைவ்! உங்க கோழிங்களுக்கு விருந்து!"

"என்ன விசேஷம்?"

"சொல்றேன், சும்மா பாருங்க."

வேலியின் மேல் ஏறி நின்று பொரியை அள்ளி அள்ளிக் காற்றில் வீசினாள். பொரி விர்ரென்று வீட்டை நோக்கிப் பறந்தது. ஆறு கோழிகளும் கொக்கொக்கென்று பின்னாலேயே ஓடின.

இரண்டு கோழிகள் சுவரோரம் அடுக்கியிருந்த விறகுக்குள் தலையை நுழைத்தன. ஒன்று வாசல் மிதியடியைக் கிளறியது. மற்ற மூன்றும் நார்மனின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டன, வால்கள் மட்டும்தான் தெரிந்தன. கூரை ஓரத்து மழைநீர்த் தகர வாய்க்காலில் ஒரு மாக்பை பறவை வந்து உட்கார்ந்து, சருகுக்குள்ளிருந்து பொரியைப் பொறுக்கியது.

கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நார்மன் கோழி முழுங்கிட்டான், பாரு!"

"கிளைவ்..." மார்னி வேலியிலிருந்து இறங்கினாள். "பொரிக்குப் பதிலா நெருப்புப் பொறி பறந்து வந்தா?"

சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் மண்டியிட்டு நார்மனுக்குள் கையை விட்டார். வெளியே பச்சைப் பசேல், உள்ளே பழுப்பு. காய்ந்த இலைகள் கைநிறைய வந்தன. இன்னொரு கை. இன்னொரு கை.

"பதினோரு வருஷம் வளத்தேன்டி" என்றார் மெதுவாக. "இவன வெட்டணுமா?"

மார்னிக்கு அழுகை வந்துவிட்டது. இதை அவள் யோசித்திருக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் பழைய கூரைத் தகரம், துருப்பிடித்த கலப்பை, பேருந்துச் சக்கரம் எல்லாம் குவிந்து கிடந்தன.

"தகரம் எரியாதில்ல?"

"எரியாது. ஏன்?"

"அப்ப அதுல ஒரு நார்மன் செய்வோம். வீட்டுல இருந்து தள்ளி, புல்வெளி நடுவுல நிறுத்துவோம்."

கிளைவ் மோவாயைச் சொறிந்தார். "கலப்பைக் கொழுவப் பல்லா வைக்கலாம்" என்றார். "வாயி இன்னும் அகலமா வரும்."

"கண்ணு?"

"பஸ் லைட்டு!"

மூன்று சனிக்கிழமைகள் வேலை நடந்தது. இரண்டாம் வாரம் நெரிடாவும் மண்வெட்டியோடு வந்துவிட்டாள். பழைய நார்மனை வெட்டும்போது மார்னி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் நின்ற இடத்தில் சுவரைச் சுற்றிக் கூழாங்கல் பரப்பினார்கள். விறகு கொட்டகைக்கு அப்பால் போனது. செடிகளைச் சின்னச் சின்னக் கூட்டமாக, நடுவில் இடைவெளி விட்டு நட்டார்கள். எலுமிச்சையின் தாழ்ந்த கிளைகளை வெட்டினார்கள். கூரை வாய்க்காலைக் கழுவியபோது கிளைவின் பழைய செருப்பு ஒன்று கிடைத்தது. அது எப்படி அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசிச் சனிக்கிழமை, தகர நார்மன் பல்லைக் காட்டிக்கொண்டு புல்வெளி நடுவில் எழுந்து நின்றான்.

பிப்ரவரியில் ஒரு காலை, மலைக்குப் பின்னால் புகை எழுந்தது. நெரிடா தீயணைப்பு வண்டியில் கிளம்பினாள்.

"மார்னி, கிளைவோட இப்பவே டவுனுக்குப் போயிடு. ஒரு நிமிஷம்கூட நிக்காத."

"கோழிங்க?"

"கூட்டிட்டுப் போ. நார்மன் வேண்டாம்!"

டவுன் மண்டபத்தில் ஆறு கோழிகளோடு இரவைக் கழித்தார்கள். மார்னி அம்மாவை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். காலையில் முகமெல்லாம் கரியோடு நெரிடா வந்து நின்றாள். பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது.

"வீடுங்க?" என்று கேட்டார் கிளைவ்.

"வந்து பாருங்க."

வேலிக்கு அப்பால் புல்லெல்லாம் கருகியிருந்தது. இரண்டு வீடுகளும், தகர நார்மனும் அப்படியே நின்றன. கூழாங்கல் மேல், ஜன்னலுக்கு நேர் கீழே, விரல் நீளத்தில் ஏழெட்டுக் கரித்துண்டுகள் கிடந்தன. விழுந்த இடத்தில் எரிய ஒன்றும் இல்லாமல் அணைந்துபோனவை.

கிளைவ் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மார்னியின் தலையை மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு உள்ளே போய், பழைய நார்மன் மறைத்து நின்ற நாளிலிருந்து திறக்காத அந்த ஜன்னலைத் திறந்தார். பதினோரு வருடங்களாக அந்த அறைக்குள் வராத வெயில் தரைமுழுக்கப் பரவியது. மண்டபத்தில் தூக்கம் கெட்ட கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து அந்த வெயிலில் படுத்துக்கொண்டன. யாரும் அவற்றை விரட்டவில்லை.